ஐப்பசி வானமும் ஒரு சுண்டு தவிடும்

ஐப்பசிக் கடைசியில் ராத்திரி வானத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் காலைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மழை விட்ட புல்லில் அட்டை சும்மா இருக்காது. கணுக்காலில் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு அண்ணாந்து பார்க்கலாம்.

கேட்டது எங்கள் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் மருத்துவச்சிப் பிள்ளைகள். அவர்களுக்கு வேன் இருக்கிறது, டோர்ச் இருக்கிறது, தாய்மாரும் வலி எடுத்ததும் ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுகிறார்கள். "லயத்துக்கு லயம் ராத்திரியில நடந்தே போவீங்களாமே, பயமா இல்லியா? வழியெல்லாம் என்னத்தப் பாத்துக்கிட்டுப் போவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வானத்தத்தாண்டி பாத்தேன். வேற என்னத்தப் பாக்குறது, பேயையா?"

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், அதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் வேலைக்குச் சேர்ந்த லூர்தம்மா நான். எனக்குத் தெரிந்த வானம் தலவாக்கலைக்கு மேலே, அக்கரப்பத்தனைப் பக்கம், ஒரு தோட்டத்தின் இரண்டு டிவிசன்களுக்கு மேலே இருந்த வானம். அதற்கு மட்டும் நான் பொறுப்பு. மற்ற வானத்துக்கெல்லாம் படித்தவர்களைக் கேளுங்கள்.

எங்கள் பக்கம் ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டும். பொழுது சாய்ந்தால் சில நாள் பொசுக்கென்று வெளுத்துவிடும். அப்படி வெளுத்த நாளில், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், கிழக்கு மலைக்கு மேல் ஆறாம் மீன் ஏறும். ஆறு சின்ன நட்சத்திரம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்குமே, கார்த்திகை என்று பஞ்சாங்கத்தில் போடுவது, அதேதான். அது உச்சிக்கு வந்தால் நடுச்சாமம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பின்னாலேயே மூணு மீன் வரும், ஒரே கோட்டில் மூன்று. அதற்கும் பின்னால் ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம், வானத்திலேயே அதுதான் பளிச்சென்று இருக்கும். மூணு மீன் மேற்கே சாய்ந்துவிட்டால், பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் களத்துக்கு, ஆளை எழுப்பத் தப்பு அடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். நான் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் தூங்கலாம், இல்லாவிட்டால் அன்றைக்குத் தூக்கம் கோவிந்தா.

இன்னொன்று. நட்சத்திரம் துடைத்து வைத்த மாதிரி மினுக்கினால் குளிர் எலும்பைப் பிடிக்கும், கம்பளியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் மீன் ஆறாகத் தெரியாமல் ஒரே கலங்கலாகத் தெரிந்தால் பனிமூட்டம் இறங்கப் போகிறது, குறுக்குப் பாதையை விட்டுவிட்டுக் கார்ப்பாதையில் போக வேண்டும். நிலாவுக்கு எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை. எரிநட்சத்திரம் விழுந்தால் உடனே பச்சையைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். தேயிலைத் தோட்டத்தில் பச்சைக்கு என்ன பஞ்சம்! எந்தப் பக்கம் திரும்பினாலும் பரிகாரம்தான்.

நான் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை. மாதா கோயில் சிஸ்டர்மார் என்னைப் படிக்க வைத்து, மருத்துவச்சிப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். பயிற்சியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கை கழுவினேன், திட்டு வாங்கினேன், மறுபடியும் கை கழுவினேன். வேலையைப் படித்தது தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான். அங்கே எனக்கு மேலே இருந்தவர் அம்பலவாணர் ஐயா.

அவர் யாழ்ப்பாணத்து ஆள், மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி. எங்கள் ஆட்களுக்கு அவர்தான் டொக்டர். ஒல்லியான மனிதர், வெள்ளைக் காற்சட்டை, மூக்குக்கண்ணாடி. ஒரே ஒரு நாளைத் தவிர அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டுகிறதையும் மருந்துக் கணக்குச் சொல்வதைப்போல மெதுவாகத்தான் சொல்வார், அதனால்தான் அது இரண்டு நாளைக்கு உறைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "கையைக் காட்டும் பாப்பம், பிள்ளை" என்றார். காட்டினேன். விரலை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "நகத்துக்குள்ளை ஒரு தோட்டமே வைச்சிருக்கிறீர். வெட்டிப்போட்டு வாரும்." எனக்கு அழுகை வந்துவிட்டது. போய் வெட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வெட்டினவள் இன்றைக்கும் நகம் வளர்க்கவில்லை.

என் பெட்டி அவர் சொன்ன ஒழுங்கில்தான் இருக்க வேண்டும். மேலே சவர்க்காரமும் நகத் தூரிகையும். அதன் கீழே கொதிக்க வைத்துச் சுற்றிய கத்தரிக்கோலும் நூலும். பிறகு பஞ்சு, லைசோல் போத்தல், எனாமல் பேசின், கடைசியில் பிள்ளையைச் சுற்றுகிற துணி. இருட்டில் கையை விட்டால் வேண்டியது கையில் வர வேண்டும் என்பார். லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையில், இருட்டுக்கு என்ன குறை? அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கும், குப்பி விளக்கு ஒன்று மினுங்கும், சொந்தக்காரர் அத்தனை பேரும் உள்ளேயே நிற்பார்கள். நான் நுழைந்ததும் முதல் வேலை ஆளை வெளியே தள்ளுவது. இரண்டாவது, ஜன்னலைத் திறப்பது. மூன்றாவது, தண்ணீர் கொதிக்க வைப்பது. அதற்குப் பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சியிடம் பேச்சு.

வேலை முடிந்து விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால், ஐயா நான் வருவதற்கு முன்பே எழுந்து ஸ்டவ்வில் தேத்தண்ணி வைத்திருப்பார். குடித்து முடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். கோப்பையை வைத்ததும் "ரெண்டு உயிரும் சுகமோ?" என்று ஒரே கேள்வி. "சுகம் ஐயா" என்றால் தலையாட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுவார். அந்தத் தலையாட்டலுக்காக எத்தனையோ மேடு ஏறியிருக்கிறேன்.

அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒன்று, நாள் நட்சத்திரம் பார்த்துப் பிள்ளைப்பேற்றில் தலையிடுவது. கீழ் டிவிசனில் பெரிய கங்காணியின் மகளுக்கு வலி எடுத்தபோது நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். நான் போய் நிற்கிறேன், கங்காணி பஞ்சாங்கத்தோடு வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், குந்தியிருக்கிறார்.

"மருத்துவச்சம்மா, இப்ப மூலம் நடக்குது. பொண்ணாப் பொறந்துட்டா குடும்பமே நிர்மூலங்க. கொஞ்ச நேரம் தாட்டிவிடுங்க, அடுத்த நட்சத்திரம் வந்துரும்."

"அடுத்தது என்னா நட்சத்திரம்?"

விரலை வைத்துத் தேடினார். முகம் செத்துப்போனது. "பூராடம்."

"பூராடத்துப் பொண்ணுக்குத் தாலி தங்காதும்பாங்களே, மாமா."

"ஆமா... அப்ப உத்திராடம் வரைக்கும் தாட்ட முடியுமாம்மா?"

"பிள்ளை என்ன பஸ்ஸா, அடுத்ததுல வரச் சொல்றதுக்கு? எந்திரிச்சுப் போய் வெந்நி வைக்கச் சொல்லுங்க!"

மூலத்திலேயே பிறந்தது, ஆண் பிள்ளை. "ஆண் மூலம் அரசாளும்" என்று கங்காணி லயம் முழுக்கச் சீனி கொடுத்தார். அதற்கு முன்னால் என்னிடம் கெஞ்சினதெல்லாம் அவருக்கு நினைவே இல்லை. ஐயாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "மணிக்கூடு சொல்லுறதை நான் எழுதுவன். கங்காணி சொல்லுறதை எழுதமாட்டன்" என்றார்.

இந்த ஐயாவோடு நான் வேலை செய்த காலத்தில் ஒரே ஒரு பிள்ளைப்பேறு இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. அது அறுபத்தைந்தாம் வருஷத்து ஐப்பசியில்.

அந்த வருஷம் வெள்ளிக் கிரகம் சாயங்காலத்தில் மேற்கே நின்றது. அதனால் விடியப் போகிற நேரத்துக் கிழக்கு வானம் வெறுமனே கிடந்தது. அந்த வெறும் இடத்தில்தான் வால்நட்சத்திரம் வந்தது. முதலில் பார்த்தவர் தப்பு அடிக்கிற ஆள். மலைக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக ஒரு நீட்டம், தெற்கே கொஞ்சம் சாய்ந்து, பாதி வானத்துக்கு எழும்பி நின்றது. தலை மலைக்குக் கீழே, வால் மட்டும் மேலே. நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் தோட்டத்தில் யாரும் அழகைப் பார்க்கவில்லை. பெரட்டுக் களத்தில் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அம்மன் கோயிலில் சூடம் எரிந்தது. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டதில் யார் இந்தியாவுக்குப் போக வேண்டும், யார் இங்கே இருக்கலாம் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்த காலம் அது. அதற்கு மேல் இதுவும் வந்தால் சனம் என்ன செய்யும்? துரைக்கு ஆகாது என்றார்கள், மாட்டுக்கு ஆகாது என்றார்கள். பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று சொன்னதுதான் என் தலையில் விடிந்தது.

மேல் டிவிசன் கடைசி லயத்தில் பாக்கியம் இருந்தாள். கொழுந்து எடுக்கிறவள், வாய் ஓயாத பெண், மலையில் அவள் நிரையில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் பேர் வைக்கும் முன்பே போய்விட்டன. இரண்டையும் என் கையால்தான் எடுத்தேன். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது அவள் சிரிப்பது குறைந்துபோயிருந்தது.

வால்நட்சத்திரம் தெரிந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு ராத்திரி, அவள் புருஷன் வேலு லாம்போடு வந்து என் கதவைத் தட்டினான். நாங்கள் ஏறிப் போகும்போது வானம் சுத்தமாக இருந்தது, மூணு மீன் உச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பேறு சுகமாகத்தான் நடந்தது. தப்புச் சத்தம் கேட்கிற நேரத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சின்னது, ஆனாலும் அழுதது. அது அழுத அதே நேரத்தில் இஸ்தோப்பில் நின்ற வேலு, "ஐயோ, வந்துருச்சே! வந்துருச்சே!" என்று கத்தினான்.

எட்டிப் பார்த்தேன். மலை விளிம்பில் வால் எழும்பிக்கொண்டிருந்தது. "வாயப் பொத்துடா மடையா!" என்றேன். காலம் கடந்துவிட்டது. பாக்கியம் கேட்டுவிட்டாள்.

பிள்ளையைத் துடைத்துச் சுற்றி அவளிடம் கொண்டுபோனேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

"அத எங்கிட்ட கொண்டாராதீங்க அக்கா."

"என்னடி பேச்சு இது? பாலக் குடு."

"கொண்டாராதீங்கன்னு சொல்றேன்ல."

கெஞ்சினேன், அதட்டினேன், கன்னத்தைப் பிடித்துத் திருப்பினேன். கட்டின கை அவிழவில்லை. பக்கத்துக் காம்பராவில் ராசம்மா பால் கொடுக்கிறவள். அவளையாவது கூப்பிடலாம் என்று போனால், தன் பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு, "என்னைய மன்னிச்சிருங்கம்மா, எனக்கும் புள்ள இருக்கு" என்று கதவைச் சாத்திவிட்டாள். பிள்ளையின் அழுகை மெலிந்துகொண்டே வந்தது. காலைத் தொட்டால் சில்லென்று இருந்தது. வேலுவை ஐயாவிடம் ஓடச் சொன்னேன்.

ஐயா வேலுவோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். வெந்நீர் நிரப்பிய போத்தல்களைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தார். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அவற்றை வைத்து, குழாயை வைத்து நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார். "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோற லொறி தேயிலைப் பெட்டி ஏத்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டுது. மத்தியானத்துக்கு முன்னம் வராது. அதுவரைக்கும் இது வெறும் வயித்தோடை தாங்காது, பிள்ளை. இப்ப தாய்ப்பால்தான் மருந்து."

"அவ தொடவே மாட்டேங்கிறா ஐயா."

அவர் முட்டிபோட்டுப் பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வெள்ளைக் காற்சட்டையோடு மண் தரையில் அவர் உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இஞ்சை பார் பிள்ளை, அது எவ்வளவோ தூரத்திலை போற ஒரு தூசும் பனியும். தன்ரை பாட்டிலை போகுது. அதுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது."

பாக்கியம் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "அது தூரத்துலயே போகட்டும் சாமி. இந்தப் புள்ளையும் எங்கிட்ட இருந்து தூரத்துலயே இருக்கட்டும். மொத ரெண்டுக்கும் நாந்தான் பால் குடுத்தேன். ரெண்டும் எம் மடியிலதான் போச்சு. இதையாவது உசுரோட எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பிள்ளையை வேண்டாமென்று சொல்லவில்லை. தன் மடியைக் கண்டுதான் பயந்திருக்கிறாள். அதற்கு மருந்து ஐயாவின் பையிலும் இல்லை, என் பெட்டியிலும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது. என் சொந்த அண்ணனுக்கு ஞானஸ்நானப் பெயர் அந்தோணி, ஆனால் வீட்டில் கூப்பிடுவது தவிட்டான். எங்கள் ஆட்கள் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். விற்றுவிட்டால் அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. தேடி வருகிற எமன் ஏமாந்து போவான். வேதக்காரர்களான நாங்களும் இதை விடவில்லை, கோயிலில் மட்டும் சொல்ல மாட்டோம்.

"பாக்கியம், இந்தப் புள்ளைய எனக்கு வித்துரு."

அவள் முதுகு அசைந்தது.

"வேலு, மாட்டுப்பட்டியில தவிடு இருக்குல்ல? ஒரு சுண்டு கொண்டா."

"எங்க தவிட்ட எங்களுக்கே குடுத்தா அது எப்படிக்கா வெல ஆகும்?" என்று சுவர்ப் பக்கமிருந்து பாக்கியம் கேட்டாள். கெட்டிக்காரி, அந்த நிலைமையிலும் பேரத்தில் பிசகு கண்டுபிடித்தாள். அவள் பேச்சில் உயிர் வந்ததே போதும் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய் ராசம்மாவின் கதவைத் தட்டினேன். "புள்ளைய நீ தொட வேணாம் தாயி, தவிடு மட்டும் குடு." ஜன்னல் வழியாகச் சுண்டு நிறையத் தவிடு வந்தது. "நல்லா இருக்கணும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரலும் வந்தது.

இனி ஒன்றுதான் குறை. குடும்பத்தைச் சேராத ஒரு ஆம்பிளை நாலு பேர் கேட்க விற்றாச்சு என்று சொல்ல வேண்டும். கிட்ட வந்து நின்ற வெளியாள் ஐயா மட்டும்தான். கங்காணியின் பஞ்சாங்கத்தையே எழுதாத மனிதர். திட்டப் போகிறார், வேலையே போனாலும் போகட்டும் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் என்ன சொல்ல வேணும்?"

"வித்தாச்சுன்னு மூணு தரம் ஐயா. வெளிய நிக்கிறவங்க காதுல விழணும்."

தவிட்டைப் பாக்கியத்தின் முந்தானையில் கொட்டினேன். "வித்துட்டேன்" என்று அவள் முணுமுணுத்தாள். ஐயா வாசலுக்குப் போய், தூரத்தில் கூடி நின்ற சனத்தைப் பார்த்து, அந்த லயமே அதிரும்படி கத்தினார்: "இந்தப் பிள்ளை லூர்தம்மாவுக்கு வித்தாச்சு! வித்தாச்சு! வித்தாச்சு!" கத்திவிட்டு இரண்டு தரம் இருமினார்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாக்கியத்தின் முன்னால் போய் நின்றேன். "இனி இது எம்புள்ள. எனக்குப் பால் இல்ல. நீ எம்புள்ளைக்குப் பால் குடுக்குறவ, அவ்வளவுதான். ஏன்டி பாத்துக்கிட்டு இருக்க? எம்புள்ள பசியா இருக்கு!"

கட்டியிருந்த கை மெதுவாக அவிழ்ந்தது. பிள்ளையை அந்தக் கைக்குள் வைத்தேன். முதலில் அதற்கு வாய் பிடிக்கத் தெம்பில்லை, முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடிவிட்டு ஓய்ந்துபோனது. ஒரு சொட்டைப் பிழிந்து உதட்டில் வைத்தேன். நக்கியது. இன்னொரு சொட்டு. மாதாவே, மாதாவே என்று என் வாய் முணுமுணுத்தது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. சப்புகிற சத்தம் கேட்டதும் ஐயா, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர், கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்தப் பிள்ளை வளர்ந்தாள். பாடசாலைக்கு ஒரு பேர், லயத்துக்குத் தவிட்டம்மா. என்னைக் கண்டால் "வாங்குன அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவருவாள். அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் காலையில் நான் பேசினைக் கழுவிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. பாக்கியம் ஒற்றை விரலால் பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அக்கா... எப்பத் திருப்பிக் குடுப்பீங்க?"

"குடுக்க மாட்டேன் போடி" என்றேன்.

பாக்கியம் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.